குலசாமி கோயிலில் கொடுத்த அரைத்தாள்: பரம்பரை நோய்களோடு எங்கள் அனுபவங்கள்

உசிலம்பட்டி டீச்சர்:

எங்கள் பெரியப்பா கிணற்று வேலையில் இருந்தபோது மேடேறி வந்து அப்படியே சாய்ந்து இறந்துபோனார். வயது 38. முனி அடித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். பல வருஷம் கழித்து அவர் மகன், எனக்கு அண்ணன், பொங்கல் கபடியில் பாடிப் போய்விட்டுக் கோட்டுக்குத் திரும்பும்போது விழுந்தான். 26 வயது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஆடிவிட்டான் என்றார்கள். 2018-இல் என் தம்பி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பிடிக்க ஓடி, படியில் கால் வைக்கும்போது மயங்கிச் சரிந்தான். அவன் பிழைத்துக்கொண்டான்.

முதலில் பார்த்த கிளினிக்கில், சாப்பிடாமல் வந்திருப்பான் என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தில் இப்படி யாரும் இறந்திருக்கிறார்களா என்று அங்கே கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, அம்மாவுக்கு மனசு கேட்காமல் இதய டாக்டரிடம் கூட்டிப்போனோம். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயத்தின் நடுச்சுவர் 21 மில்லிமீட்டர் தடிமன் இருந்தது. சாதாரணமாகச் சுமார் 11-க்குள் இருக்க வேண்டுமாம். ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை தடித்துப்போகிற நோய். இப்போது அவன் நெஞ்சுக்குள் ஐசிடி என்கிற சின்னக் கருவி இருக்கிறது. துடிப்பு தாறுமாறாகப் போனால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும்.

அதன்பிறகு மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்தம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தையே வரைந்தார். பெரியப்பா, அண்ணன், தம்பி மூன்று கட்டத்தையும் கறுப்பாக்கினார். இறந்த இருவர் மேலும் குறுக்கே ஒரு கோடு. அம்மாவையும் அப்பாவையும் சேர்க்கும்போது மட்டும் இரண்டு கோடு போட்டார். ஏன் என்று கேட்டேன். “சொந்தத்துக்குள்ள கட்டியிருக்காங்கள்ல, அதுக்கு” என்றார். அம்மா, அப்பாவுக்கு அத்தை மகள். எல்லாக் கறுப்புக்கும் நடுவில் அப்பாவின் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்தம்மா பேனாவை அதன்மேல் வைத்து, இவருக்கும் எக்கோ பார்க்க வேண்டும் என்றார். “நான் மாடு பிடிச்சவன்” என்று அப்பா மறுத்தார். கெஞ்சிக் கூட்டிப்போனோம். சுவர் 14 மில்லிமீட்டர். 61 வயது வரை அவருக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. ஒரே மாற்றம் ஒருவரை 26-இல் சாய்க்கிறது, இன்னொருவரைச் சும்மா விட்டுவைக்கிறது.

தம்பியின் ரத்தப் பரிசோதனையில் எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதாக வந்தது. இதைப் பற்றித் தேடிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி நிலையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் இந்த விடுபடலைப் பற்றி 2009-இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இது இருக்கிறது. இதய தசை நோயாளிகளிடம் அதைவிட அதிகமாக இருந்தது. நான் நாகமலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிற அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் எங்கள் வீட்டுச் சாவுக்குக் காரணம் தேடியிருக்கிறார்கள்.

எனக்கும் அந்த ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். “பாசிட்டிவ்” என்று போனில் ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்கள். எக்கோ சுத்தமாக இருந்தும் அந்த வார்த்தை இரண்டு வருஷம் என்னைத் தூங்கவிடவில்லை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் கை தானாக நெஞ்சுக்குப் போகும். பள்ளி விளையாட்டு விழாவில் என் மகள் பெயர் கொடுத்திருந்தாள். நானே போய் அந்தப் பெயரை அடித்துவிட்டு வந்தேன். அவள் அன்றைக்குப் பந்தலில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளுக்கு நம்பர் குத்திவிட்டாள்.

2021-இல் வேறொரு ஆலோசகர் பழைய ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். 2020-இல் வந்த ஓர் ஆய்வு, இந்த 25 எழுத்து விடுபடல் மட்டும் இருப்பவர்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்து பெரிதாகக் கூடுவதில்லை என்று காட்டியிருக்கிறது. சிலரிடம் அதோடு ஒட்டிக்கொண்டு, அதே மரபணுவில் வேறோர் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆபத்து அதில்தான். தம்பிக்கு அந்த இரண்டாவது மாற்றமும் அப்பா வழியில் வந்திருந்தது. எனக்கு வந்த விடுபடலோ அம்மா வழியில் வந்த வெறும் விடுபடல். அப்பாவிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை. மகள் அந்த வருஷமே ஓடத் தொடங்கிவிட்டாள்.

அதனால் கையில் பழைய ரிப்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பக் காட்டிக் கேளுங்கள். ரத்தம் மாறாது, ஆனால் அதைப் படிக்கிற அறிவு வளர்ந்துகொண்டே இருக்கிறது.

இதைவிடக் கஷ்டமாக இருந்தது பங்காளிகளிடம் சொன்னதுதான். இந்த நோயில் பெற்றவருக்கு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்று எத்தனை வீடு! மாசி சிவராத்திரிக்குப் பெட்டி எடுக்கிற அன்றைக்கு எல்லாரும் குலசாமி கோயிலுக்கு வந்துவிடுவார்கள். ஓடும்போதோ வேலை செய்யும்போதோ மயக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஈசிஜியும் எக்கோவும் ஒருமுறை எடுங்கள் என்று அரைத்தாளில் தமிழில் எழுதி, 40 நகல் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒவ்வொரு குடும்பமாகக் கொடுத்தேன். ஒரு சித்தப்பா தாளை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார். “பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கேன் தாயி. இந்த நேரத்துல இதக் கொண்டாந்து நிக்கிறியே” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலு மாசம் கழித்து அவர் மகன் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்தான். “அக்கா, வீட்டுக்குத் தெரியாம எடுத்தேன். 17 வந்திருக்கு.” இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், ஆறு மாசத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறான். தங்கச்சி கல்யாணமும் அதே மாப்பிள்ளையோடு நடந்தது.

மேலூர் அம்மா:

டீச்சர், படித்துவிட்டு அழுதேன். எங்களுடையது கண். மகளுக்கு 14 மாசம் இருக்கும்போது வீட்டுக்காரர் பிளாஷ் போட்டுப் போட்டோ எடுத்தார். ஒரு கண்ணின் பாப்பா சிவப்பாகத் தெரிந்தது, இன்னொன்று வெள்ளையாக மின்னியது. பூனைக்கண் மாதிரி அழகாக இருக்கிறது என்றார் மாமியார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. இன்னும் நாலு போட்டோ எடுத்துப் பார்த்தேன், நாலிலும் அப்படியே. மறுநாளே மதுரைக்குக் கொண்டுபோனோம். ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரையில் வரும் புற்றுநோய். இரண்டு கண்ணிலும் இருந்தது. ஒரு கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. கீமோவும் லேசரும் கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றினார்கள். இப்போது நாலாவது படிக்கிறாள், முதல் பெஞ்சில் உட்காருகிறாள்.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். 13-ஆவது குரோமோசோமில் ஆர்பி1 என்ற மரபணு, ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதி இருக்கும். இரண்டும் கெட்டால்தான் கட்டி வரும். ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் மற்றொன்று கெடுவது சுலபம், அதனால்தான் இரண்டு கண்ணிலும் வருகிறது. ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1971-இல் நோயாளிகளின் கணக்கை மட்டும் வைத்தே இதைச் சொல்லியிருக்கிறார். மரபணுவைக் கண்டுபிடித்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது பிரசவத்தின்போது பரிசோதனையின் அருமை தெரிந்தது. மூத்தவளின் மாற்றம் எது என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் பையன் பிறந்தவுடன் அதை மட்டும் தேடிப் பார்த்தார்கள். அவனிடம் இல்லை. இருந்திருந்தால் சில வாரத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துக் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். பச்சைப் பிள்ளைக்கு அதெல்லாம் மிச்சம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பிளாஷ் போட்டோவில் வெள்ளை தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

தெற்குமாசி வீதி:

என் அக்காவுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். முடிந்தபிறகு கண் திறக்கவில்லை, மூச்சும் தானாக வரவில்லை. மூன்று மணி நேரம் மெஷினில் வைத்திருந்தார்கள். வெளியே எங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. அக்கா பிறகு சொன்னதுதான் கொடுமை: கடைசி ஒரு மணி நேரம் பேச்சுக் குரலெல்லாம் கேட்டிருக்கிறது, விரலை அசைக்க முடியவில்லை.

காரணம் ஸ்கோலின் என்ற தசை தளர்த்தும் ஊசி. மற்றவர்களுக்குச் சில நிமிஷத்தில் விட்டுவிடும். அதை உடைக்கிற நொதி உடம்பில் இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் விடாது. எங்கள் ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறை கூடுதலாக இருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். 2006-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த எங்கள் ஆட்களிடம் இதற்கான மரபணு மாற்றத்தையும் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். 2017-இல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்ததில், 81 குழுக்கள் மிகச் சில முன்னோர்களிடமிருந்து பெருகி, பிறகு தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டவை என்று தெரிந்தது. அப்படிப்பட்ட ஒவ்வொரு சமூகத்துக்கும் ஏதோ ஒரு நோய் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியது ஒரு வரி, அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் இப்போது பர்ஸில் “ஸ்கோலின் கொடுக்க வேண்டாம்” என்று எழுதி வைத்திருக்கிறோம். வேறு மருந்து கொடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

திண்டுக்கல் 34:

எனக்கு ஹீமோபிலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத நோய். சின்ன வயதில் மூட்டில் ரத்தம் கட்டினால் ஐஸ் கட்டியும் அம்மாவின் மடியும்தான் வைத்தியம். இடது முழங்கால் அப்போதே மடங்காமல் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் ஃபேக்டர், அதாவது ரத்தத்தை உறையவைக்கிற மருந்து, இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் என்னால் வேலைக்குப் போக முடிந்தது. 2024 டிசம்பரில், வேலூர் சிஎம்சியில் ஐந்து பேருக்கு அவர்களுடைய ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லிலேயே சரியான மரபணுவை ஏற்றித் திரும்பக் கொடுத்த செய்தி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு கவனித்த காலத்தில் ஒருவருக்குக்கூட ரத்தக்கசிவு இல்லை. இது ஐந்தே பேர், இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும், தெரியும். இருந்தாலும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். என்னால்தானே உனக்கு வந்தது என்று 30 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அன்றைக்குச் சொல்லவில்லை.

சோழவந்தான் தம்பி:

எனக்கு மாமன் மகளைப் பேசி முடித்திருக்கிறார்கள். அவளுடைய அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்களுக்குப் பிள்ளை பிறந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கக்கூட வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். இங்கே கேட்கலாமா?

உசிலம்பட்டி டீச்சர்:

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. சொந்தத்தில் கட்டினாலே பிள்ளை சரியாகப் பிறக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொதுவாக நூறு பிள்ளைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகலாம். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே இருக்கின்றன. தாய்மாமனையே கட்டுவதில் ஆபத்து இன்னும் கூடுதல்.

ஆனால் உங்கள் விஷயம் வேறு. குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே குறை இருக்கிறது. முதலில் உங்களுக்கோ பெண்ணுக்கோ பரிசோதனை செய்யாதீர்கள். அந்த அக்காவுக்குச் செய்யுங்கள். ஜிஜேபி2 என்ற மரபணு பிறவிக் காது கேளாமைக்கு அடிக்கடி காரணமாகிறது, அதிலிருந்து தொடங்குவார்கள். அவரிடம் மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால் உங்கள் இருவருக்கும் அதை மட்டும் தேடிப் பார்ப்பது சுலபம். இரண்டு பேரிடமும் இருந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்தக் காரணத்தால் வராது. ரிப்போர்ட்டில் “முக்கியத்துவம் உறுதியாகவில்லை” என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். அந்த மாற்றம் நோய் தருமா தராதா என்று இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். உலகத்தில் சேர்த்து வைத்திருக்கிற மரபணுத் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது. நம் ஆட்களுடையது இப்போதுதான் சேருகிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 பேருடைய தகவலை 2025 ஜனவரியில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மதுரைக்கு ஆலோசகரைப் பார்க்கப் போகும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அப்பத்தாவையும் அம்மாச்சியையும் தனித்தனியே உட்காரவைத்து, பிறந்தவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை, எந்த வயதில், என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தொட்டிலில் போன பிள்ளைகளையும் கேளுங்கள். என் அப்பத்தா, நான் கேட்ட பிறகுதான், அப்பாவுக்கு முன்னால் பிறந்து ஏழு மாசத்தில் இறந்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அவன் பெயரையும் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுத்ததே இல்லை.