அமைதியாக இருக்கும் தோழியை ஆட்டத்துக்குள் இழுப்பது எப்படி?

கேள்வி:
கல்லூரி நண்பர்கள் நான்கு பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுக் கதை சொல்லி ஆடும் பகடை விளையாட்டை நடத்துகிறேன், 2014 விதிகள்தான். ரோக் (திருட்டுத் திறமைசாலி) பாத்திரம் ஆடும் நண்பனுக்கு நல்ல கற்பனை. ஆனால் கதவு இருந்தால் அவன்தான் திறக்கிறான், காவலாளி வந்தால் அவன்தான் பேசுகிறான். கிளெரிக் (குணமாக்கும் பூசாரி) பாத்திரம் ஆடும் தோழி, "யாருக்காவது அடிபட்டா சொல்லுங்க, ஹீல் பண்றேன்" என்பதோடு சரி. சண்டை முடிந்தால் அவள் குரலே கேட்பதில்லை. அவனையும் நோகடிக்காமல் அவளுக்கு எப்படி இடம் கொடுப்பது?

பதில் 1:
பல வருஷமாக டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, இருக்கிறேன். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சண்டையில் இனிஷியேட்டிவ் வரிசை உண்டு, எல்லோருடைய முறையும் வந்தே தீரும். சண்டை முடிந்ததும் அந்த வரிசை போய்விடுகிறது, முந்திக்கொள்பவர் பேசுகிறார். அதனால் சண்டை இல்லாதபோதும் ஆள் ஆளாகக் கேளுங்கள். சத்திரத்துக்குள் நுழைந்ததும் "என்ன பண்றீங்க?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவளுடைய கேரக்டர் பெயரைச் சொல்லி, "உள்ளே வந்ததும் முதல்ல எங்க பார்க்கிற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்தச் சில நொடி மௌனத்தைத் தாங்குவதுதான் டிஎம் வேலையிலேயே கஷ்டம். ரோக் இடையில் புகுந்தால் "அடுத்தது நீதான்" என்றால் போதும், கோபப்பட மாட்டான்.

அப்புறம் அவளுடைய கேரக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் திறன்கள் எழுதிய தாளை, பாருங்கள். கிளெரிக்குக்கு விஸ்டம் என்ற திறன்தான் உயிர். பாஸிவ் பெர்செப்ஷன், அதாவது தானாகவே எதையும் கவனிக்கும் அளவு, 10 கூட்டல் விஸ்டம் மாடிஃபையர் (அந்தத் திறனுக்கான கூட்டல் எண்); பெர்செப்ஷனில் பயிற்சி இருந்தால் ப்ரொஃபிஷியன்சி போனஸும் சேரும், பகடை உருட்டவே வேண்டாம். அவளுக்கு அது நன்றாகவே இருக்கும். காவலாளியின் சட்டைக் கையில் ரத்தக்கறை இருப்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் மட்டும் கொடுங்கள். மற்றவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

பதில் 2:
சண்டையிலும் அவள் ஹீல் மட்டும்தான் பண்ணுகிறாளா? கியூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரம் போட்டால் அந்த முறைக்கான பெரிய செயல், அதாவது ஆக்‌ஷன் போய்விடும். ஹீலிங் வேர்டு என்ற மந்திரத்துக்கு, அதோடு கூடுதலாகச் செய்யக்கூடிய சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். 60 அடி தள்ளி நின்று ஒருவனை எழுப்பிவிட்டு, தன் அதே முறைக்குள் சேக்ரட் ஃபிளேம் என்ற தாக்கும் மந்திரத்தையும் எறியலாம்.

பதில் 3:
எங்கள் குழுவில் அமைதியான ஆள் நான்தான். பேசாமல் இருந்தாலும் ரசித்துக்கொண்டுதான் இருப்பேன். முதலில் அவளிடம் தனியாகப் பேசிப் பாருங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்தது குரூப் செக். சதுப்பு நிலத்தைக் கடக்க எல்லோரும் சர்வைவல் (காட்டில் தாக்குப்பிடிக்கும் திறன்) பகடை உருட்டுவோம், பாதிப் பேர் தேறினால் குழுவே தேறிவிடும். தேறாத ஃபைட்டரை (போர்வீரன் பாத்திரத்தை) நான் எப்படி வெளியே இழுத்தேன் என்று எங்கள் டிஎம் கேட்பார். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இருக்காது.

கேள்வி கேட்டவர்:
இன்றே அவளுக்குப் போன் பண்ணுகிறேன். சீட்டு இரண்டு எழுதப் போகிறேன், எங்கள் ஃபைட்டரும் அதிகம் பேசாதவன்தான். சதுப்பு நிலத்துக்கு டிசி, அதாவது தேறுவதற்கு எட்ட வேண்டிய எண், எவ்வளவு வைக்கலாம்? எல்லோரும் முதல் லெவல்.

பதில் 3:
10 வையுங்கள். 15 வைத்தால் முதல் லெவலில் பாதிப் பேர் தேறுவது கஷ்டம்.