பெரியப்பாவின் ஆடியோகிராம்: தேவகோட்டை வீட்டுக் குழு

செந்தில்: 📷 அப்பாவோட காது டெஸ்ட் ரிப்போர்ட் வந்துடுச்சு. கீழ "பி.டி.ஏ. வலது 33, இடது 53"னு எழுதியிருக்கு. ரெண்டு காதுக்கும் மெஷின் வைக்கணும்ங்கறாங்க. அபிக்கா, கொஞ்சம் பாருங்க.

மாலதி சித்தி: ஐயோ, இடது காது பாதிக்கு மேல போயிடுச்சா?

அபிராமி: இல்ல சித்தி, அது சதவீதம் இல்ல, டெசிபல். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம் வச்சா லேசாக் கேக்க ஆரம்பிக்குதோ, அந்த மூணோட சராசரிதான் பி.டி.ஏ. 20க்குக் கீழ இருந்தா நார்மல்.

அபிராமி: செந்தில், சராசரிய விடு, வரைபடத்தப் பாரு. இடமிருந்து வலமாப் போகப் போக சுருதி ஏறும், 250ல இருந்து 8000 வரைக்கும். கீழ இறங்க இறங்க சத்தம் கூடுது, அதாவது கேள்வி குறையுது. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. வலது எவ்வளவு?

செந்தில்: 500ல 25, 1000ல 30, 2000ல 45, 4000ல 60.

அபிராமி: 4000ஐயும் சேத்தா சராசரி 40 ஆயிடும். உலக சுகாதார நிறுவனம் நாலையும் சேத்துத்தான் கணக்குப் போடுது, 35 தாண்டினா மிதமான குறைபாடு. ச, ஸ, ஃப மாதிரி மெல்லிசான ஒலியெல்லாம் அந்த மேல் சுருதியிலதான் இருக்கு. அதனாலதான் பெரியப்பா "சத்தம் கேக்குது, பேச்சு புரியல"ங்கறார். கத்தினா உயிரெழுத்துதான் பெருசாகும். முகத்துக்கு நேரா நின்னு நிதானமாப் பேசுங்க.

மாலதி சித்தி: வயசானா வர்றதுதானே?

அபிராமி: வலது அப்படித்தான் தெரியுது. இடத அப்படிச் சொல்லிட முடியாது. செந்தில், காதுக்குப் பின்னாடி எலும்புல வைப்ரேட்டர் வச்சு எடுத்த குறி எங்க இருக்கு?

செந்தில்: நீலத்துல அம்பு முனை மாதிரி இருக்கு, 500ல 25. பெருக்கல் குறி 50ல.

அபிராமி: 25 இடைவெளி. எலும்பு வழியா நேரா உள்காதுக்குப் போனா நல்லாக் கேக்குது, காதுக்குழாய் வழியாப் போனா குறையுது. 10க்கு மேல போனாலே வெளிக்காதுலயோ நடுக்காதுலயோ சத்தம் தடைபடுதுன்னு சந்தேகப்படணும். ஆனா அம்பு முனைன்னா மாஸ்கிங் பண்ணல, அதாவது மத்த காத இரைச்சலால மறைக்கல. எலும்புல வச்ச அதிர்வு மண்டை ஓடு முழுக்கப் பரவும். வலது உள்காதுல கேட்டுட்டு அவர் பட்டன அழுத்தியிருக்கலாம். வலது காதுல இரைச்சல் குடுத்து அத மறைச்சு எடுத்தாத்தான் இடது உள்காதோட உண்மை தெரியும். அப்ப சதுர அடைப்புக்குறி போடுவாங்க. அது இல்லாத ரிப்போர்ட்ட வச்சு இடதுக்கு மெஷின் செட்டிங் பண்ண விடாத.

ரவி மாமா: டிம்பனோகிராம் எடுத்தாங்களா, செவிப்பறை எப்படி அசையுதுன்னு பாக்கற டெஸ்ட்? சின்ன கிராஃபா இருக்கும்.

செந்தில்: அடுத்த பக்கத்துல இருக்கு மாமா. வலது டைப் ஏ. இடது டைப் பி, கோடு படுத்திருக்கு. பக்கத்துல 0.3 மி.லி.

ரவி மாமா: டைப் ஏன்னா நார்மல். இடதுல அந்த 0.3ஐத்தான் கவனிக்கணும். காதுக்குழாயோட கொள்ளளவு அது. பெரியவங்களுக்கு ஏறக்குறைய 0.6ல இருந்து 2 வரைக்கும் இருக்கும். கோடு தட்டையா இருந்து கொள்ளளவு சரியா இருந்தா, செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருக்கலாம். ரொம்பப் பெருசா இருந்தா பறையில ஓட்டை. இவ்வளவு சின்னதுன்னா குறும்பி அடைச்சிருக்கும், இல்லன்னா டெஸ்ட் முனை குழாய்ச் சுவர்ல முட்டியிருக்கும். காதுக்குள்ள பாத்துட்டுத்தான் டெஸ்டே ஆரம்பிச்சிருக்கணும்.

மாலதி சித்தி: எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விடட்டுமா?

ரவி மாமா: வேண்டாம் மாலதி. பறையில ஓட்டை இருந்தா உள்ள இறங்கி சீழ் பிடிச்சிடும். பட்ஸ், ஹேர்பின் எதுவும் போட விடாத, குறும்பிய இன்னும் உள்ள தள்ளிடும். இஎன்டி டாக்டர் பாத்து எடுக்கட்டும். செந்தில், இடது காது ரெண்டு மூணு நாள்ல திடீர்னு குறைஞ்சுதா?

செந்தில்: இல்ல மாமா, கொஞ்சம் கொஞ்சமாத்தான்.

ரவி மாமா: நல்லது. திடீர்னு குறைஞ்சிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கணும், அதுக்கு ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன். குறும்பி எடுத்து, மாஸ்கிங்கோட எடுத்தும் ரெண்டு உள்காதுக்கும் நல்ல வித்தியாசம் நின்னா எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்புல கட்டி இல்லன்னு பாத்துடணும்.

அபிராமி: மறு டெஸ்ட் சத்தம் புகாத அறையில நடக்கணும். கடை மூலையில எடுத்தா வெளிச் சத்தத்துல 250, 500 அளவெல்லாம் மோசமாக் காட்டும். தெளிவாக் கேக்கட்டும்னு பெரியப்பா காத்திருக்கக்கூடாது, கேட்டமாதிரி தோணினாலே அழுத்தணும். இத முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போ. 5 டெசிபல் மாறினா கவலைப்படாத. பேச்சு டெஸ்டும் கேளு. எத்தனை வார்த்தைய சரியாத் திருப்பிச் சொன்னார்னு அதுலதான் சதவீதம் வரும். மெஷின் எவ்வளவு உதவும்னு அதுல கொஞ்சம் தெரியும்.

செந்தில்: சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் மெஷினுக்கு அட்வான்ஸ் கட்டல.

ரவி மாமா: இந்த ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போ. ஒப்பிட்டுப் பாக்க வேணும்.