குடும்பக் கதைகளைத் தொகுப்பாக்கும்போது: வரிசை, உறவுப்பெயர், ஃபாரம் கணக்கு

பல வருஷமாகப் பத்திரிகைகளில் வந்த கதைகளைத் தேதிப்படி அடுக்கினால் முதலில் இடிப்பது அவற்றின் ஒற்றுமைதான். தனித்தனியாக வந்தபோது தெரிந்திருக்காது. நாலு கதை சாவுச் செய்தி சொல்லும் ஃபோனில் தொடங்கும், மூன்று பஸ் ஏறுவதில் முடியும், இரண்டில் மருமகள் பெயர் கவிதா. கதைக்கு ஒரு வரி வீதம் அட்டவணை போடுங்கள்: யார் சொல்கிறார், எந்த ஊர், எந்த உறவு முறிகிறது, முடிவை எடுப்பது யார், முதல் வரி, கடைசி வரி. 'முடிவை எடுப்பது யார்' கட்டம் காலியாக இருந்தால் அது பெரும்பாலும் நினைவுக்குறிப்பு, தயங்காமல் எடுத்துவிடலாம். பாகப்பிரிவினைக் கதை இரண்டு இருந்தால் நடுவே மூன்று கதையாவது வேண்டும். முதல் கதையில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள். வாசகர் கழன்றுகொள்வது மூன்றாவதில். அங்கே கதைசொல்லியையோ ஊரையோ மாற்றிப் பாருங்கள்.

---

அந்த அட்டவணையில் உறவுப்பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும். மெய்ப்பு பார்ப்பவர் அப்பத்தா, அம்மாச்சி எல்லாரையும் 'பாட்டி' ஆக்கிவிட்டால் நிலம் தாய்வழியா தந்தைவழியா என்பதே தெரியாது. சொத்துக் கதையில் முடிச்சே அதுதானே! கோவைப் பக்கத்து அம்முச்சியும் யாழ்ப்பாணத்து அம்மம்மாவும் அப்படியே நிற்கட்டும். ஒரே ஆள் மூன்றாம் பக்கத்தில் சித்தி, ஒன்பதில் சின்னம்மா என்றால்தான் பிழை.

சொந்தக்காரர் கண்டுபிடித்துச் சண்டைக்கு வராமலிருக்கப் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தொழில், ஊர், பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள்.

---

அச்சுக் கணக்கைச் சொல்கிறேன். டெமி 1/8 என்ற புத்தக அளவு, 11 பாயிண்ட் எழுத்து, பக்கத்துக்கு சுமார் 200 சொல். 1,800 சொல் வீதம் 12 கதைக்கு 108 பக்கம். ஒவ்வொன்றும் புதுப்பக்கத்தில் தொடங்குவதால் அரைப்பக்கம் வீதம் இன்னும் 6. தலைப்பு, பதிப்பு விவரம், முன்னுரை, உள்ளடக்கம் 10. மொத்தம் 124. ஃபாரம் என்பது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் கட்டு; 16 பக்க ஃபாரம் எட்டில் (128) அடங்கிவிடும். 130 ஆனால் இரண்டு பக்கத்துக்காக ஒன்பதாவது ஃபாரம். அப்போது வெட்ட வேண்டியது முன்னுரையை, கதையை அல்ல.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் (ா), 'ஔ' இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் வந்து உட்காரும். பிழைதிருத்தி எல்லாவற்றையும் பிடிக்காது, கண்ணால் பார்த்தே ஆகணும்.

---

கடைசியாக, பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தம். இந்தியாவில் பதிப்புரிமையை மாற்றித்தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 1957 சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். 'அனைத்து உரிமைகளும்' என்று ஒரே வரியில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.