சீடிங், ரீசீடிங்: 'நடவு', 'மறுநடவு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். போட்டி அட்டவணையில் அணிகளை இடம் பார்த்து நிறுத்துவது சீடிங்; ஒரு சுற்று முடிந்தபின் மிஞ்சிய அணிகளை மறுபடி அப்படி நிறுத்துவது ரீசீடிங். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடியபோது ஒரு நண்பர் கேட்டது:

> சீடிங்குக்குத் 'தரவரிசை' பழகிய சொல். புதிதாக எதற்கு?

ஐயா, டென்னிஸ் செய்திகளில் 'போட்டித் தரவரிசை' என்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் வெளியேற்றுச் சுற்றுகள்) மாற்றங்களைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே அது இடறுகிறது.

2023-ஐப் பாருங்கள். 82 ஆட்டங்கள் முடிந்தபோது கிழக்கு மண்டலத்தில் மயாமி 7-வது, அட்லாண்டா 8-வது. பிளேஆஃபின் கடைசி இடங்களைத் தீர்மானிக்கும் பிளே-இன் ஆட்டத்தில் அட்லாண்டா மயாமியை வென்று 7-வது சீடைப் பெற்றது. மயாமி அடுத்து சிகாகோவை வீழ்த்தி 8-வது சீடாக உள்ளே வந்தது. இப்போது 'தரவரிசையில் 8-வது இடத்தில் உள்ள மயாமி' என்று எழுதினால் அது பிழை. 'தரவரிசையில் 7-வது' என்றால், 8-வது சீடைச் சந்திக்கும் முதல் சீடான மில்வாக்கியுடன் ஏன் மோதியது என்பது வாசகருக்குப் புரியாது. புள்ளிப் பட்டியலில் வாங்கிய இடம் வேறு, பிளேஆஃப் அட்டவணையில் நிறுத்தப்படும் இடம் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த விவாதத்தைத் தமிழில் நடத்தவே முடியாது.

'விதை'யும் வேண்டாம். விதைப்பு என்றால் அள்ளித் தூவுவதும் அடங்கும். சீடிங்கின் உயிரே இடைவெளி விடுவதுதான்: வலுவான அணிகள் தொடக்கத்திலேயே முட்டிக்கொள்ளாமல் தள்ளித் தள்ளி வைப்பது. நாற்றைப் பிடுங்கி, இடம் பார்த்து, இடைவெளி விட்டு ஊன்றுவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: நடவு. சீடிங் 'நடவு', அணிக்குக் கிடைக்கும் எண் 'நடவெண்', ரீசீடிங் 'மறுநடவு'. 'போட்டித் தரவரிசை'யிலிருந்து இப்படிக் கிளைகள் எடுக்க முடியுமா? 'மறு போட்டித் தரவரிசை' என்றால் மறுபடி ஆடச் சொல்வதுபோல் இருக்கிறது.

அந்த 2023-லேயே சோதித்துப் பார்த்தேன். முதல் சுற்றில் மயாமி மில்வாக்கியை வெளியேற்றியது. இப்போதைய விதியில் மறுநடவு இல்லை. 1-8 ஆட்டத்தில் வென்றவர் 4-5 ஆட்டத்தில் வென்றவரைச் சந்திக்க வேண்டும். அதனால் மயாமிக்கு நியூயார்க் கிடைத்தது. மறுநடவு இருந்திருந்தால், மிஞ்சிய அணிகளில் கடைசி நடவெண்ணான மயாமி, அவற்றில் முன்னால் நிற்கும் 2-வது நடவெண்ணான பாஸ்டனை இரண்டாம் சுற்றிலேயே சந்தித்திருக்கும். ஃபிலடெல்ஃபியாவுக்கு நியூயார்க்.

மண்டலம் பாராமல் பிளேஆஃபின் 16 அணிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தும் யோசனையை 'ஒருங்கு நடவு' எனலாம். என்பிஏ ஆணையர் ஆடம் சில்வர் 2018-லேயே இதைப் பேசினார். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மணிக் கணக்கே மூன்று மணி நேரம் வேறுபடுவதால், பயணம்தான் பெரிய தடை. (கான்ஃபரன்ஸை 'மாநாடு' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 'மண்டலம்' போதும், 'பிரிவு' டிவிஷனுக்கு வேண்டும்.)

பிளே-இன்னுக்கு 'நுழைவாட்டம்' எனக்குப் பிடிக்கும். ஒலிபெயர்ப்பே இருந்தாலும் குறையில்லை.

'நடவு' 'நடுவர்' போல ஒலிக்கிறதே என்ற ஐயம் எனக்கும் உண்டு. வாக்கியத்துக்குள் வைத்துப் படித்தபின் அது தணிந்தது. நீங்களும் இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

'கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும் மண்டலம் பாராத மறுநடவு என்ற யோசனையை என்பிஏ 2019 இறுதியில் பரிசீலித்தது; பின்னர் கைவிட்டது.'

எந்தச் சொல்லில் நாக்கு தடுக்குகிறது என்று எழுதுங்கள்.