மெலோடிக் பாணி பேஞ்சோ: கோலாலம்பூரில் யாராவது வாசிக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன். ஐந்து தந்தி பேஞ்சோவில், மூன்று விரலால் மீட்டும் ஸ்க்ரக்ஸ் பாணி ஓரளவு கைக்கு வந்துவிட்டது. அப்புறம் 1960களில் பேஞ்சோ கலைஞர் பில் கீத் பரப்பிய, மெட்டை ஸ்வரம் ஸ்வரமாக வாசிக்கும் மெலோடிக் பாணியைத் தொட்டேன், அங்கேயே நிற்கிறேன்.

ஜி ட்யூனிங்கில் (தந்திகளை ஜி கார்டுக்குச் சுருதி சேர்ப்பது) ஆரோகணம் இப்படி: மூன்றாம் தந்தி திறந்து (விரலால் அழுத்தாமல்) ச, நான்காம் தந்தி 7வது ஃப்ரெட்டில் ரி, இரண்டாம் தந்தி திறந்து க, மூன்றாம் தந்தி 5வது ஃப்ரெட்டில் ம. நம் சங்கராபரணம்தான்! அடுத்தடுத்த ஸ்வரம் வேறு வேறு தந்தியில் விழுவதால் ஒன்று அடங்குமுன் இன்னொன்று ஒலிக்கிறது. அந்த அழகுக்காகவே விட மனமில்லை.

ஆனால் ரி வாசிக்கக் கட்டைவிரல் நான்காம் தந்திக்குப் போகும்போதெல்லாம் தாளம் தடுக்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் மாற்றி மாற்றிப் போட்டால் போதுமா, நடுவிரல் எங்கே சேர வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் காட்டித் தர முடிந்தால், எங்கே என்றாலும் வருகிறேன்.