கிளட்ச் தேய்மானம்: அறிகுறிக்கு ஒரு சொல், காரணத்துக்கு ஒரு சொல்

வணக்கம்.

வண்டிப் பாகங்களுக்கும் கோளாறுகளுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில், எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற கிளட்சை "உரசிணைப்பி" என்பதா, "பற்றி" என்பதா என்று பேச்சு நீண்டுகொண்டே போகிறது. என்னைக் கேட்டால் கிளட்ச் அப்படியே இருக்கட்டும். ஓட்டுகிறவரும் வேலை பார்க்கிறவரும் அதைத்தான் சொல்கிறார்கள், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நமக்குச் சொல் இல்லாமல் தவிப்பது வேறு இடத்தில். "கிளட்ச் போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அதற்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, பெடலை முழுசாக விட்ட பிறகும் பிளேட் (எஞ்சினோடு அழுந்திச் சுற்றவேண்டிய உராய்வுத் தட்டு) பிடிக்கவில்லை. இன்னொன்று, பெடலை முழுசாக மிதித்த பிறகும் பிளேட் விடவில்லை. முதலாவதற்குப் பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும். இரண்டாவது பல நேரங்களில் கேபிளைச் சரிசெய்தாலோ, ஹைட்ராலிக் வண்டியாக (கேபிளுக்குப் பதில் திரவத்தால் கிளட்ச் இயங்குவது) இருந்தால் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினாலோ தீர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் நல்ல பிளேட்டைக் கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டுவதுதான் நடக்கும்.

முதல் கோளாறுக்கு "வழுக்கல்" என்று முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வழுக்கல் என்றதும் எண்ணெயும் ஈரமும்தான் நினைவுக்கு வரும். எண்ணெய் பட்டாலும் இந்தக் கோளாறு வரும் என்பது உண்மைதான், ஆனால் அது பல காரணங்களில் ஒன்று. பிளேட்டின் உராய்வுப் பட்டை தேய்ந்திருக்கலாம், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங் (தட்டு வடிவ வில்) தளர்ந்திருக்கலாம், கேபிளை அதிகமாக இறுக்கிவைத்ததால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் ஸ்பிரிங்கைத் தள்ளிப் பிடியை விடுவிப்பது) எந்நேரமும் அந்த ஸ்பிரிங்கின் விரல்களை, அதாவது உட்பக்க நுனிகளை, அழுத்திக்கொண்டே இருக்கலாம். இதில் கடைசிக் காரணத்துக்குப் பிளேட்டையே மாற்ற வேண்டியதில்லை, சீக்கிரம் கவனித்தால். ஆகவே அறிகுறிக்கு வைக்கும் பெயர் எந்தக் காரணத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. "பிடி நழுவியது" என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது, அதையே எடுத்து பிடிநழுவல் என்று வைக்கலாம் என்பது என் கருத்து. தேய்மானம் என்ற சொல்லைக் காரணத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். "பிடிநழுவல் இருக்கிறது, தேய்மானமா என்று பார்க்கவேண்டும்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு வரிசை புரியும்.

சொல் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதனையை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். காலியான நேர்ச் சாலையில், அல்லது லேசான ஏற்றத்தில், நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் விறுவிறுவென்று ஏறுகிறது, வேகமானி முள் அதற்கு ஏற்ப ஏறவில்லை என்றால் பிடி நழுவுகிறது. சின்ன கியரில் இது அவ்வளவு சுலபமாகத் தெரியாது, அதில் வண்டி சட்டென்று வேகம் பிடித்துவிடும். பெரிய கியரில் வண்டியின் முழுப் பாரமும் கிளட்சின் மேல் வந்து நிற்பதால் குறை அங்கேதான் முதலில் வெளிப்படும். "பிக்கப் இல்லை" என்று சொல்கிறவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியும் இதுதான்: எஞ்சினே சுற்று ஏறவில்லையா, எஞ்சின் ஏறியும் வண்டி ஏறவில்லையா? எஞ்சினே ஏறவில்லை என்றால் கிளட்சை விட்டுவிட்டு எரிபொருள், காற்று, பற்றவைப்பு பக்கம் போகவேண்டும்.

நின்ற இடத்திலும் ஒரு சோதனை உண்டு. முன்னால் ஆளில்லாத இடத்தில் கைபிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் மட்டும் உயர்த்திப் பெடலை விடவேண்டும். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிடிநழுவல், அதுவும் முற்றிய நிலை. சந்தேகம் தீரவில்லை என்று இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், ஒவ்வொரு தடவையும் பட்டை கருகும். அந்தக் கருகல் நாற்றமே ஒரு சாட்சி.

இரண்டாவது கோளாறுக்கு "இழுவை" என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். வண்டியின் இழுவைத் திறன் என்று ஏற்கெனவே வேறு பொருளில் அது நன்றாகப் புழங்குகிறது, "இழுவை இருக்கிறது" என்று எழுதினால் வண்டி நன்றாக இழுக்கிறது என்றுதான் படிப்பார்கள். என் பரிந்துரை விடாப்பிடி. விடவேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதானே இந்தக் கோளாறு! மனிதர்களுக்குச் சொல்வதை இயந்திரத்துக்குச் சொல்லலாமா என்று தயங்குவோருக்கு: "எஞ்சின் திணறுகிறது" என்று நாம் சொல்வதில்லையா? பிடிநழுவல், விடாப்பிடி என்று அருகருகே வைத்தால் இரண்டும் எதிரெதிர் என்பதும் கேட்டவுடனே விளங்கும்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு ரிவர்ஸ் கியர் உதவும், பழைய வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சின்க்ரோமெஷ் (பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. எஞ்சின் சும்மா ஓடும்போது பெடலை அடிவரை மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரவென்று பல் உரசினால் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதாவது விடாப்பிடி. பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக அமுக்கிய பிறகு கியர் ஒழுங்காக விழுந்தால் ஹைட்ராலிக்கில் காற்றோ சீல் கசிவோ இருக்க வாய்ப்பு அதிகம். திரவத் தொட்டியையும் பாருங்கள். பிரேக்கில் பட்டை தேயத் தேயத் திரவ மட்டம் இறங்குவது இயல்பு, கிளட்சில் தேய்மானத்தால் அது இறங்காது. இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

மூன்றாவதாக, வண்டியை எடுக்கும்போது தடதடவென்று குலுங்குவது. இதற்கு அதிர்வு போதாது, அதிர்வு எதற்கும் வரும். "வண்டி உதறுது" என்று சொல்வதை வைத்து உதறல் என்றே எழுதலாம். பட்டையில் எண்ணெய் படிந்தது, ஃப்ளைவீல் (பிளேட் அழுந்துகிற, எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) சூட்டில் திட்டுத்திட்டாக இறுகியது, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தளர்ந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

பெடலைப் பற்றி ஒரு வார்த்தை. பெடல் மிக மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் தேய்மானம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தானாகச் சரிசெய்துகொள்ளாத கேபிள் வண்டியில் இது பெரும்பாலும் சரி. பட்டை மெலியும்போது ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகரும், பெடலின் ஆரம்பத்தில் சும்மா போகும் தூரம் குறைந்துகொண்டே வரும். ஹைட்ராலிக் வண்டி அந்த வித்தியாசத்தைத் தானே ஈடுகட்டிவிடுவதால் பெடல் ஒன்றும் சொல்லாமலேயே பிளேட் தேய்ந்துபோகும். அங்கே பெடலின் உயரத்தை நம்ப முடியாது, ஓட்டிப் பார்க்கும் சோதனையைத்தான் நம்பவேண்டும்.

கடைசித் தீர்ப்பு கழற்றிப் பார்த்த பிறகுதான். ரிவெட் அடித்த பிளேட்டில் பட்டையின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள், 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்று என்று பல கையேடுகள் சொல்கின்றன. பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அதனால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் மூன்றையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம். எனக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்காதது அந்தப் பெடலின் "சும்மா போகும் தூரம்" ஒன்றுக்குத்தான். தளர்வு என்றால் கோளாறு மாதிரி ஒலிக்கிறது, அது இருக்கவேண்டிய ஒன்று. "வெறுநகர்வு" என்று எழுதிப் பார்த்தேன், வாயில் சரளமாக வரவில்லை. ஸ்டியரிங்குக்கும் பிரேக் பெடலுக்கும் சேர்த்துப் பொருந்துகிற மாதிரி ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்