ஸ்தாக்லியேனோ கல்லறையில் கொட்டை விற்றவருக்குச் சிலை

கேள்வி – கற்சிற்பி
இத்தாலியின் ஜெனோவா நகரிலுள்ள ஸ்தாக்லியேனோ கல்லறைத் தோட்டத்தின் படங்களில், செல்வந்தர்களின் நினைவுச் சின்னங்களுக்கு நடுவே, கொட்டை மாலைகளை ஏந்தி நிற்கும் முதிய பெண்ணின் பளிங்குச் சிலை ஒன்றைக் கண்டேன். தெருவில் வியாபாரம் செய்தவருக்கு அங்கே இடம் கிடைத்தது எப்படி? பல சிலைகளில் தெரியும் கருமை வெறும் தூசிதானா?

மறுமொழி – பழஞ்சுவடி
அவர் கத்தெரினா கம்போதோனிகோ. திருவிழாக்களில் ஹேசல் கொட்டை மாலைகளும் வளைய ரொட்டிகளும் விற்றுச் சேர்த்த பணத்தில், தாம் உயிரோடிருக்கும்போதே லொரென்சோ ஒரெங்கோ என்ற சிற்பியிடம் சொல்லி 1881இல் இச்சிலையைச் செய்வித்துக்கொண்டார். மறு ஆண்டே காலமானார். (உயிரோடிருக்கையில் சிலை என்றால் நமக்கு அரசியல்வாதிகள்தான் நினைவுக்கு வருவார்கள்.) கட்டடக் கலைஞர் கார்லோ பராபினோ வரைந்த திட்டத்தை, 1835இல் அவர் காலராவில் இறந்தபின் ரெசாஸ்கோ என்ற கட்டடக் கலைஞர் நிறைவேற்ற, 1851இல் திறக்கப்பட்டது அந்தக் கல்லறைத் தோட்டம். மண்டப வளைவுகளில் இடம் பெறப் பணம் போதுமானதாக இருந்தது, குலப்பெருமை கட்டாயமில்லை. வாடிக்கையாளர்களும் தெய்வ உருவங்களைவிடத் தங்களையே, தங்கள் உடையிலேயே காண விரும்பினார்கள். கத்தெரினாவின் சால்வைக் குஞ்சமும் மேலாடைச் சரிகையும் நூல் நூலாகச் செதுக்கப்பட்டிருப்பதன் காரணம் அதுதான்.

மறுமொழி – சுண்ணக்கல்
கருமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேல்நோக்கிய பரப்புகளில் படிவது பெரும்பாலும் தூசி. ஆனால் புகையிலுள்ள கந்தக டைஆக்சைடு பளிங்கின் கால்சியம் கார்பனேட்டோடு வினைபுரிந்து ஜிப்சமாக மாறும்போது, கரித்துகள் அதற்குள் சிக்கிக் கரும்பொருக்காக இறுகிவிடுகிறது. மழை படாத மடிப்புகளில்தான் இது தங்கும். மழை அடிக்கும் பகுதி வெளுப்பாகத் தெரிந்தாலும் அங்கே கல்லே கரைந்துகொண்டிருக்கும். ஆகவே வெளுத்த சிலை நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பொருக்கை அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள செதுக்கலும் உதிரும் என்பதால், ஈரப்பற்று (மேலே பூசி வைக்கும் ஈரக் குழம்பு) அல்லது லேசர் கொண்டு மெதுவாக நீக்குவார்கள்.

கேள்வி – கற்சிற்பி
நன்றி. அப்படியானால் அங்கே தேவதைகளே இல்லையா?

மறுமொழி – பழஞ்சுவடி
உண்டு. 1882இல் ஜூலியோ மொந்தெவெர்தே ஒனெத்தோ குடும்பத்துக்காகச் செய்த தேவதை உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது. கையில் எக்காளம் இருந்தும் அது ஊதவில்லை. கைகளை மார்பில் குறுக்காக வைத்து, ஆறுதல் எதுவும் சொல்லாத முகத்துடன் நிற்கிறது. என் மதிப்பில் அதைவிடக் கத்தெரினாவே மேல். சிலையின் பீடத்தில் ஜெனோவா வட்டார மொழியில் பொறித்த செய்யுளில், வெயிலிலும் மழையிலும் கொட்டை விற்ற கதையை அவரே சொல்வதுபோல் எழுதப்பட்டிருக்கிறது.